நடப்பவர்கள் இல்லாத நகரம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு படம் வந்து விழும். பழுப்பேறிய பத்திரிகைப் பக்கம், சுவரில் பதித்த கண்ணாடித் திரை, அதில் தெரியும் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் கோட்டு போட்ட ஆள். கீழே ‘நூறு வருஷத்துக்கு முன்னாடியே வீடியோ காலைக் கணிச்சுட்டாங்க’ என்று ஒரு வரி. சித்தப்பா கைகூப்பும் பொம்மை போடுவார், அண்ணன் மகன் ‘செம’ என்பான், அடுத்த குட்மார்னிங் படம் வந்து அதை மேலே தள்ளிவிடும். எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்து அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளைப் பல வருஷமாக வாசித்து வருகிறேன். மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகி, தொட்டால் பொடியாகும் நிலைக்கு வந்துவிட்ட இதழ்களை யார் யாரோ பொறுமையாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று டிக் அடித்துவிட்டு நகர்வது அந்த எழுத்துக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கட்சி. ஏன் என்பதை ஒரே ஒரு கதையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அதில் வீடியோ கால் கிடையாது, ராக்கெட் கிடையாது. ரோட்டில் நடந்து போகிறவர்களைப் பற்றிய கதை.

ஆனால் இந்த டிக் அடிக்கிற பழக்கத்தை நம் ஊர் வாட்ஸ்அப் மாமாக்கள் கண்டுபிடிக்கவில்லை. அதை ஆரம்பித்து வைத்தவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். லக்ஸம்பர்க்கில் பிறந்து, 1904இல் பத்தொன்பது வயதில் நியூயார்க் வந்து இறங்கி, வானொலி ஆர்வலர்களுக்குத் தபாலில் உதிரிச் சாமான் விற்று முன்னுக்கு வந்த மனிதர். சாமான் விற்பதற்காகப் பட்டியல் அச்சடித்து, பட்டியல் பத்திரிகையாகி, பத்திரிகையில் கதையும் சேர்ந்தது. 1926 ஏப்ரலில் அவர் கொண்டுவந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’தான் அறிவியல் கதைகளுக்கென்றே நடந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை. விலை 25 சென்ட். முதல் இதழில் இருந்ததெல்லாம் மறுபிரசுரம்: ழூல் வெர்ன், ஹெச். ஜி. வெல்ஸ், எட்கர் ஆலன் போ, இன்னும் சிலர். தலைப்புப் பக்கத்தில் அவர் பொறித்து வைத்த வாசகம்தான் நான் சொல்ல வந்தது. இன்றைக்கு மிகையான கற்பனை, நாளைக்கு அப்பட்டமான உண்மை என்பது அதன் சாரம். கதைக்கு மதிப்பே நாளைக்கு அது பலிப்பதில்தான் இருக்கிறது என்று பத்திரிகை முதலாளியே சொல்லிவிட்டார். நூறு வருஷமாக நாம் அவர் சொன்னபடியே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவருடைய சொந்தக் கதைக்கு இந்த முறையில் மார்க் போட்டால் நிறையவே கிடைக்கும். 1911இல் ‘மாடர்ன் எலெக்ட்ரிக்ஸ்’ என்ற தன்னுடைய இன்னொரு பத்திரிகையில் தொடராக எழுதிய ‘ரால்ஃப் 124சி 41+’ நடப்பது 2660ஆம் ஆண்டில். நாயகன் நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே முகம் பார்த்துத் தொலைபேசியில் பேசுகிறான். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் மாட்டவிருந்த பெண்ணை அங்கிருந்தே ஆற்றலைப் பாய்ச்சிப் பனியை உருக்கிக் காப்பாற்றுகிறான். பாய்ந்து போன அலை ஒரு பொருளில் மோதித் திரும்பி வருவதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவியையும் படம் போட்டு விளக்கியிருக்கிறார். ரேடார் என்று இதைத்தான் சொல்வார்கள். சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நான் அந்தக் கதையில் கவனித்தது வேறு. அந்த நகரத்தில் யாரும் நடப்பதில்லை. தெருவில் இறங்கினால் மின்சாரத்தில் ஓடும் உருளைச் சக்கரக் காலணி. சாப்பிடப் போனால் தோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குழாய் வழியே திரவ உணவு. உடம்பு எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதையே முன்னேற்றத்தின் உச்சமாக அவர் மனமார நம்புகிறார். காலுக்கு வேலை இல்லாத இந்த நாளையைக் குழுவில் யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை.

அமேசிங் ஸ்டோரீஸின் ஓவியர் ஃபிராங்க் ஆர். பால் வரைந்த நகரங்களும் அப்படித்தான். வியன்னாவில் கட்டடக்கலை படித்தவர் என்பது ஒவ்வொரு தூணிலும் தெரியும். கோபுரங்களும் பாலங்களும் அடுக்கடுக்கான வான்வழிகளும் அசல் கட்டடத்தின் கனத்தோடு நிற்கும். மனிதர்கள் விறைப்பாக, சின்னதாக, அளவுகோலுக்காக ஓரத்தில் நிறுத்தியதுபோல இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் பளீரென்று அடிக்கும் அந்த அட்டைகளை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. இருந்தாலும் இந்த ஊரில் ஒரு கிழவர் பால் வாங்க எந்த வழியாகப் போவார் என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் வரும்.

ஒரு டாக்டர் எழுதிய கதை

அந்தக் கேள்விக்கு அந்தப் பத்திரிகைக்குள்ளேயே ஒருவர் பதில் எழுதியிருந்தார். டேவிட் ஹெச். கெல்லர். பென்சில்வேனியாக்காரர், 1880இல் பிறந்தவர், மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்த டாக்டர். முதல் உலகப் போரில் குண்டு அதிர்ச்சியில் மனம் கலங்கிய சிப்பாய்களுக்கு மருத்துவம் பார்த்தவர். பல வருஷம் தனக்காகவே எழுதிக்கொண்டிருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் அமேசிங் ஸ்டோரீஸுக்கு ஒரு கதை அனுப்பினார். 1928 பிப்ரவரி இதழில் அது வந்தது. ‘பாதசாரிகளின் கிளர்ச்சி’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

கதை ஒரு கிராமச் சாலையில் ஆரம்பிக்கிறது. இளம்பெண் ஒருத்தி தன் சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள். கார் ஒன்று வந்து அவளை அடித்துக் கொன்றுவிடுகிறது. பையன் பிழைத்துக்கொள்கிறான். காரில் இருப்பவர்களைப் பொறுத்தவரை இதில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. ஏனென்றால் அந்த உலகத்தில் நடப்பதே குற்றம். எப்படி அந்த நிலைமை வந்தது என்று கெல்லர் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டு போகிறார். எல்லாரும் காருக்கு மாறுகிறார்கள். வீட்டுக்குள், அலுவலகத்துக்குள், கடைக்குள்கூடச் சின்னச் சின்ன வண்டிகளிலேயே நகர்கிறார்கள். தலைமுறைகள் போகப் போகக் கால் சூம்பிவிடுகிறது. நடக்கிறவர்களின் உரிமை ஒவ்வொன்றாகப் பறிபோகிறது. முதலில் சாலையின் நடுப்பகுதி, பிறகு ஓரம், கடைசியில் உயிரோடு இருப்பதற்கான உரிமையே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் பேர் மலைக்காட்டில் ஒளிந்து வாழ்கிறார்கள்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரும் பணக்கார வீடு ஒன்றில் மார்கரெட்டா என்று ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. அவளுக்குக் கால் நன்றாக இருக்கிறது. நடக்க ஆரம்பிக்கிறாள். பெற்றவர்களுக்கு அது பெரிய அவமானமாகிவிடுகிறது. காரில் உட்கார்ந்து போக அவளைப் பழக்கப் பார்க்கிறார்கள், அவளோ ஓடுகிறாள், மரம் ஏறுகிறாள். வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று பயந்து அவளை மறைத்து வளர்க்கிறார் அப்பா. ஒரு டாக்டர் எழுதியது என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது. பிள்ளையின் உடம்பில் ஏதோ வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்த எத்தனையோ பெற்றோரின் முகத்தை அவர் பார்த்திருப்பார். எது ஊனம், எது ஆரோக்கியம் என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது என்ற விஷயத்தை 1928இல் பத்திரிகைக் கதைக்குள் வைத்து இவ்வளவு நேராக ஒருவர் சொல்லியிருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

எதிர்காலம் என்று எழுதியது போன வருஷத்தை

முதல் தடவை வாசித்தபோது இதை ஒரு எச்சரிக்கைக் கதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்படியே போனால் இப்படி ஆகும் என்கிற வகை. பிற்பாடு அமெரிக்க நகரங்களின் 1920களைப் பற்றிப் படிக்கப் படிக்க, கெல்லர் தொலைதூரத்துக்குப் போகவே இல்லை என்பது புரிந்தது. தெரு என்பது அதற்கு முன்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. குதிரை வண்டி, டிராம், தள்ளுவண்டி, விளையாடும் பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில். அதற்குள் கார் புகுந்தது. ஃபோர்டின் மாடல் டி மட்டும் 1927க்குள் ஒன்றரைக் கோடி உற்பத்தியாகியிருந்தது. அந்தப் பத்தாண்டில் மோட்டார் விபத்தில் செத்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். நகரங்களில் செத்தவர்களில் பெரும்பாலோர் நடந்து போனவர்கள், அதிலும் நிறையப் பேர் பிள்ளைகள். ஊர் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் செத்துப்போன பிள்ளைகளின் நினைவாக ஊர்வலம் போனார்கள். பால்ட்டிமோரில் 1922இல் அப்படிச் செத்த பிள்ளைகளுக்கு நினைவுச் சின்னமே எழுப்பினார்கள். நாளிதழ்களின் கார்ட்டூன்கள் காரைப் பலி கேட்கும் தெய்வமாக வரைந்தன. அப்போது பொதுஜனத்தின் கோபம் முழுக்க ஓட்டுகிறவர் மேல்தான்.

இதில் சின்சினாட்டி ஊரில் 1923இல் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாதபடி, அதாவது சுமார் 40 கிலோமீட்டர், ஒவ்வொரு காரின் எஞ்சினிலும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்று ஒரு கோரிக்கை. 42,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. கார் விற்பவர்களும் மோட்டார் சங்கத்தாரும் அன்றுவரை தனித்தனியாக இருந்தவர்கள், ஒன்றாகச் சேர்ந்துகொண்டு பணத்தை இறைத்துப் பிரசாரம் செய்தார்கள். நவம்பரில் கோரிக்கை படுதோல்வி அடைந்தது. ஆனாலும் அந்தக் கோரிக்கை கொடுத்த பயம் ஒன்றே கார் தொழிலுக்குப் போதுமானதாக இருந்தது. இனிமேல் வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேச்சு வரக்கூடாது, நடக்கிறவரின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேச்சு வரவேண்டும் என்று அந்தத் தொழில் முடிவெடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1925இல் வந்த போக்குவரத்துச் சட்டம் நடப்பவர் எங்கே கடக்கலாம், எங்கே கடக்கக்கூடாது என்று கோடு கிழித்தது. சட்டம் எழுதவைத்த குழுவின் தலைவர் ஒரு கார் விற்பனையாளர். மீறிக் கடந்தவர்களைப் பார்த்துப் போலீஸ் விசில் ஊதியது. அபராதத்தைவிட, நடுரோட்டில் நிற்க வைத்து எல்லாரும் திரும்பிப் பார்க்க ஊதும் விசில்தான் வேலை செய்தது. சில ஊர்களில் சாரணச் சிறுவர்களை நிறுத்தி, தப்பாகக் கடந்தவர்கள் கையில் அறிவுரைச் சீட்டு கொடுக்க வைத்தார்கள். 1928இல் மத்திய வணிகத் துறையே ஒரு மாதிரிச் சட்டத்தை ஊர்களுக்கெல்லாம் வகுத்துக் கொடுத்தது.

கெல்லரின் கதை வந்ததும் அதே 1928. அவர் கதையில் பல தலைமுறையாக நடக்கும் உரிமைப் பறிப்பு, அவர் கண்ணெதிரே ஐந்தாறு வருஷத்தில் நடந்து முடிந்திருந்தது. அடுத்து என்ன வரும் என்று அவர் ஆரூடம் பார்க்கவில்லை. நடப்பவர்களின் கட்சி தோற்றுப்போன பிறகு, தோற்றவர்கள் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். நாளிதழில் அந்தக் கோபம் அடங்கிவிட்டது. தேர்தலில் அது ஜெயிக்கவில்லை. அது போய் உட்கார இடம் கிடைத்தது, முன்னேற்றத்தைக் கொண்டாடுவதற்கென்றே தொடங்கிய ஒரு பத்திரிகையின் நடுப்பக்கங்களில். அதுவும் எலெக்ட்ரிக் காலணி போட்டு மனிதர்களை உருட்டிவிட்ட கெர்ன்ஸ்பேக்கின் பத்திரிகையில். அவர் அதை அச்சிட்டார் என்பதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பலிக்குமா பலிக்காதா என்ற கேள்வி இங்கே உதவாது. எதற்காக அன்றைக்கு ஒரு மனிதர் இதை எழுதினார் என்று கேட்டால்தான் கதை வாய் திறக்கிறது.

வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா

இதையெல்லாம் இவ்வளவு ஆழமாக எடுத்துக்கொள்ள எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் ரோட்டை அகலப்படுத்தினார்கள். இருந்த பிளாட்ஃபாரம் பாதியாகக் குறைந்தது, மிச்சப் பாதியில் மின்சாரப் பெட்டியும் டூவீலரும் நின்றுகொண்டன. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் பாலும் பேப்பரும் வாங்கி வருவது அவருடைய வேலை, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். ரோட்டைக் கடக்கும்போது வலது கையைப் பாதி தூக்கி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டிக்கொண்டே போவார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். கொஞ்சம் கெஞ்சல், கொஞ்சம் கட்டளை, கொஞ்சம் வேண்டுதல் எல்லாம் கலந்த கை அது. அவர் எத்தனை வருஷமாக வண்டி ஓட்டினவர், அந்தக் கை எந்தத் தூரத்தில் எந்த வேகத்துக்கு மரியாதை பெறும் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். பாதி கடந்தாயிற்று. காலி ரோட்டில் வேகமாக வந்த கார் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. கண்ணாடி இறங்கியது. ஓட்டி வந்த பையனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. “பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?” என்றான். அப்பா பதில் சொல்லவில்லை, பால் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கடந்துவிட்டார். எனக்குத்தான் ஏறியது. “தம்பி, எவ்ளோ வேகமா வர்ற நீ?” என்று கேட்டேன். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “சார், நீங்கதான் சார் நடுரோட்ல இருக்கீங்க” என்றான், நிஜமான வருத்தத்தோடு. அவன் கெட்டவன் இல்லை. ரோடு என்றால் வண்டிக்குத்தான் என்பது அவன் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே முடிவாகிவிட்ட விஷயம். அந்த முடிவை யார் எடுத்தார்கள், அப்போது எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரரின் விசிலும் சென்னைக்காரன் கேட்கும் ‘வீட்ல சொல்லிட்டு வந்தியா’வும் செய்கிற வேலை ஒன்றுதான். அடிபடப் போனவனை வெட்கப்பட வைப்பது. இந்தியாவில் 2022இல் மட்டும் சாலையில் நடந்து போய் உயிரிழந்தவர்கள் 32,825 பேர், மத்திய அரசின் சாலைப் போக்குவரத்துத் துறை வெளியிட்ட கணக்கு இது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கெல்லர் கதையை மறுபடியும் எடுத்தேன். கிராமச் சாலையில் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் அந்த அம்மாவின் பத்தியைத் தாண்டவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் ஆவேசமாகவே வாசித்தேன். நடக்கிறவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று.

மின்சாரம் நிற்கும் இடம்

ஜெயிக்கிறார்கள். செத்துப்போன அந்தப் பெண்ணின் வழிவந்த ஆப்ரகாம் மில்லர் என்பவன் தலைமையில், மலையில் ஒளிந்திருந்த பாதசாரிகள் விஞ்ஞானத்தில் மற்றவர்களைவிட முன்னே போய்விட்டிருக்கிறார்கள். எங்களையும் மனிதர்களாக நடத்துங்கள் என்று கேட்கிறார்கள். கார்க்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. உடனே நாடு முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை. கார் நின்றது, வீட்டுக்குள் ஓடும் சின்ன வண்டி நின்றது, லிஃப்ட் நின்றது. கால் சூம்பிப்போன மனிதர்கள் எங்கே இருந்தார்களோ அங்கேயே கிடக்கிறார்கள். தண்ணீர் பக்கத்து அறையில் இருக்கும், அங்கே போக முடியாது. மாடியிலிருந்து தெருவுக்கு வர முடியாது, தெருவிலிருந்து வயலுக்குப் போக முடியாது. ஊர் ஊராகச் சாகிறார்கள்.

முழுக் கதையிலும் கெல்லரின் எழுத்து உச்சம் தொடுவது இங்கேதான், என்னைப் பாதியில் நிறுத்தியதும் இந்த இடம்தான். இவ்வளவு நேரம் நான் யார் பக்கம் நின்றேனோ அவர்கள் செய்கிற கொலை இது. ஊர்ந்து ஊர்ந்து நகரப் பார்க்கும் அந்த மனிதர்களில் குழந்தைகள் இருக்க மாட்டார்களா? கார்க்காரராகப் பிறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டா பிறந்தார்கள்? நடக்கத் தெரிந்தவன் உயர்ந்த பிறவி, நடக்க முடியாதவன் சாக வேண்டியவன் என்ற இடத்துக்குக் கதை வழுக்கி விழுந்துவிடுகிறது. மார்கரெட்டாவின் வீட்டில் எது ஊனம் என்று அவ்வளவு நுட்பமாகக் கேட்ட அதே டாக்டர், முடிவில் ஊனத்தையே மரண தண்டனைக்குக் காரணமாக்கிவிடுகிறார். உடம்பில் பலமுள்ளவர்கள் பிழைக்கட்டும், மற்றவர்கள் கழியட்டும் என்ற பேச்சு அன்றைய அமெரிக்காவில் படித்தவர்கள் நடுவில் சாதாரணமாகப் புழங்கிய பேச்சு. ‘தகுதியற்றவர்கள்’ என்று முத்திரை குத்தியவர்களுக்கான கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1927இல்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த கெல்லருக்கு அந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்திருக்காது. கதைக்குள் அவர் அதை எதிர்த்து வாதாடவில்லை. அடிபட்டவன் பக்கம் நின்று ஆரம்பித்துவிட்டு, அடிக்கிற கையை மட்டும் மாற்றிக் கொடுத்து முடிக்கிறார்.

இதற்காகக் கதையைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். இதனால்தான் அதை மறக்க முடியவில்லை. தோற்றவர்களின் கோபம் எவ்வளவு நியாயமாகத் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் வரை போய்விடும் என்ற இரண்டையும் ஒரே கதைக்குள் பார்க்கலாம். 1923இல் கையெழுத்துப் போட்ட அந்த 42,000 பேர் கேட்டது ஒரு சின்னக் கருவிதான். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிற கருவி. அதைக் கொடுத்திருந்தால் கெல்லருக்கு இப்படி ஒரு முடிவு தோன்றியிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கெல்லரை நல்லவர் என்று நிறுவுவது என் வேலை இல்லை. அதே 1928 நவம்பரில் வெளிவந்த அவருடைய இன்னொரு கதையில், எழுத்து வேலை செய்யும் ஒரு தாயின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இயந்திரச் செவிலி வாங்கப்படுகிறது. தாயின் வேலை ஆசையே குற்றம் என்று கதை முகத்தைச் சுளிக்கிறது. இயந்திரத்துக்குக் கறுப்பினப் பணிப்பெண்ணின் உருவத்தைக் கொடுத்திருப்பதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும். ரோட்டில் நடக்கிறவர்களின் உரிமை தெரிந்த மனிதருக்கு வீட்டுக்குள் நடக்கிறவர்களின் உரிமை தெரியவில்லை. பிறகு 1935இல் ஒரு கதையில் தானாக ஓடும் கார் வருகிறது. அதில் கண் தெரியாதவர்களும் முதியவர்களும் முதல் முறையாகத் தனியே, பத்திரமாகப் பயணம் போகிறார்கள். நடக்க முடியாதவர்களைச் சாகவிட்ட அதே பேனா இதையும் எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப் ஆட்கள் கண்ணில் இந்தக் கதை பட்டால் ‘டிரைவர் இல்லாத காரை அன்றே கணித்தார்’ என்று படம் போடுவார்கள். எனக்கு அதில் தெரிவது, ஏழு வருஷத்தில் ஒருவர் இன்னொரு வழியை யோசித்துப் பார்த்திருக்கிறார் என்பது.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த எதிர்காலம்

1939இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் கூட்டம் அலைமோதியது ஜெனரல் மோட்டார்ஸ் கூடத்தில். நார்மன் பெல் கெட்டிஸ் என்பவர் வடிவமைத்த, 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரம்மாண்டமான மாதிரி. அகன்ற நெடுஞ்சாலைகள், நிற்காமல் ஓடும் கார்கள், நகரத்தில் நடப்பவர்களுக்குச் சாலைக்கு மேலே தனியாகத் தூக்கிக் கட்டிய பாதை. பார்வையாளர்கள் இதை நடந்து பார்க்கவில்லை. நகரும் பட்டையில் பொருத்திய மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்தபடி, காதருகே ஒலிக்கும் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே சுற்றி வந்தார்கள். வெளியே வரும்போது ‘நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்’ என்று எழுதிய ஊசிப்பட்டன் கொடுத்தார்கள். பத்திரிகையில் கதையாக இருந்த வரைக்கும் கெல்லர் மாதிரி ஒருவர் எதிர்வாதம் எழுத இடம் இருந்தது. ஒரு கார் கம்பெனி அதே நாளையைச் சிமென்ட்டிலும் பிளைவுட்டிலும் கட்டி, நாற்காலி போட்டுக் காட்டியபோது எதிர்வாதத்துக்கு இடம் இல்லை.

அந்தக் கண்காட்சிக்கு ஊரெங்கிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்பதால், அதே ஊரில் ஜூலை 2 முதல் 4 வரை அறிவியல் புனைகதை ரசிகர்களின் முதல் உலக மாநாட்டையும் வைத்தார்கள். சுமார் 200 பேர் வந்தார்கள், பெரும்பாலும் விடலைப் பையன்கள். கடிதப் பகுதியில் கெர்ன்ஸ்பேக் முழு முகவரியோடு வாசகர் கடிதங்களைப் போட்டதால் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்த கூட்டம் அது. சிறப்பு விருந்தினர் ஃபிராங்க் ஆர். பால். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சண்டை. அரசியல் பேசுகிறார்கள் என்று ஆறு பேரை வாசலிலேயே தடுத்து உள்ளே விடாமல் அனுப்பினார்கள். நாளை எப்படி இருக்க வேண்டும் என்பதில் அடித்துக்கொண்ட அந்தப் பையன்களைத்தான் எனக்கு அந்தக் கண்காட்சியைவிட நெருக்கமாக உணர முடிகிறது.

1928இல் வந்த அமெரிக்க எழுத்துகள் அங்கே 2024 ஜனவரியிலிருந்து பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமை ஆகிவிட்டன, அதனால் கெல்லர் கதையை யாரும் எடுத்து வாசிக்கலாம், மொழிபெயர்க்கலாம். ஒரு தொகுப்புக்காக அல்லது சிற்றிதழுக்காக யாராவது தமிழில் கொண்டுவந்தால் சந்தோஷப்படுவேன். கையோடு ராபர்ட் ஹைன்லைன் 1940 ஜூன் மாத ‘அஸ்டவுண்டிங்’ இதழில் எழுதிய நகரும் சாலைக் கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிலும் சாலை நிறுத்தப்படுகிறது, நிறுத்துகிறவர்கள் அதை ஓட்டும் தொழிலாளர்கள். ஆனால் ஹைன்லைன் நிற்பது நிர்வாகம் பக்கம். கெல்லர் நிற்பது ரோட்டோரத்தில் நடப்பவன் பக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கெல்லர் கதையின் காதல் பகுதி கொஞ்சம் இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நிற்கும் பக்கங்களை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள்.